கேட்கத் தெரிந்தவரே வாதாட வல்லவர்

விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன் 1952ஆம் ஆண்டு வெளியான 'பராசக்தி' திரைப்படத்தின் நீதிமன்றக் காட்சியில் பேசிய வசனம், சட்டத் தொழிலைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு பொது எண்ணத்தையே உருவாக்கிவிட்டது எனலாம். நாவன்மை உடையவர் வழக்கில் வெல்வார், அது வாய்க்காதவருக்குக் கறுப்பு அங்கி பொருந்தாது என்பதே அந்த எண்ணம். அக்காட்சியில் முழங்குபவர் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்பவரே தவிர வழக்குரைஞர் அல்லர் என்பது பலருக்கும் மறந்துபோயிற்று. மகனுக்கோ மகளுக்கோ சட்டப் படிப்பு ஏற்றதா என்று ஆராயும் பெற்றோர் இன்றும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் வாங்கிய பரிசுகளையே முதலில் கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடைபெறும் வழக்குகளின் இயல்பை நெருங்கிப் பார்த்தால், இந்த அளவுகோல் எத்துணைக் குறைபாடுடையது என்பது விளங்கும். விசாரணை நீதிமன்றங்களில் நெடுங்காலம் நிலைத்து நின்று பெயர் பெறும் வழக்குரைஞரிடம் பேச்சாற்றலுக்கு முன்பே இருந்தாக வேண்டிய பண்பு, பிறர் சொல்வதை முழுமையாகக் கேட்டறியும் பொறுமையாகும். அவரிடம் காணப்படும் ஏனைய நற்பண்புகளுள் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

இதற்குச் சட்டத்திலேயே அடிப்படை உண்டு. சாட்சி ஒருவர் கூண்டில் ஏறியதும் அவரை அழைத்த தரப்பு முதலில் கேட்பது முதல் விசாரணை. அதன்பின் எதிர்த்தரப்பு கேட்பது குறுக்கு விசாரணை. அதில் எழுந்த ஐயங்களைத் தெளிவுபடுத்த மீண்டும் முதல் தரப்பு கேட்பது மறு விசாரணை. இவற்றுள் முதல் விசாரணையின்போது, விடையைத் தானே சுட்டிக்காட்டும் கேள்விகளை, சர்ச்சையற்ற முன்னுரைச் செய்திகளுக்கு அன்றி, எதிர்த்தரப்பு மறுக்கும் நிலையில் நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்கலாகாது. அதாவது, "இரவு பத்து மணிக்கு அவர் வீட்டுக்குள் வந்தாரல்லவா?" என்று வழக்குரைஞர் எடுத்துக் கொடுக்க முடியாது, என்ன நடந்தது என்பதைச் சாட்சியே தம் சொற்களில் சொல்லியாக வேண்டும். ஆகவே, அந்தச் சாட்சி எதை அறிவார், எதை அறியார், எந்த இடத்தில் தயங்குவார், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் வழங்குவார் என்பவற்றையெல்லாம் வாய்தா நாளுக்கு முன்பே உட்கார்ந்து கேட்டறியாத வழக்குரைஞரால், அவர் எத்துணைப் பெரிய பேச்சாளராக இருப்பினும், முதல் விசாரணையை ஒழுங்காக நடத்திவிட முடியாது.

இந்தப் பொறுமையின் அருமையை விழுப்புரம் வட்டாரம் மிகுந்த விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1993 ஜூலையில், திருட்டு வழக்கொன்றில் ஒருவரைத் தேடிப் புதுச்சேரியிலிருந்து அத்தியூருக்கு வந்த காவலர்கள், இருளர் பழங்குடியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவரைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாக எழுந்த வழக்கில், விழுப்புரம் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு காவலர் அறுவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் அவர்களை விடுவித்தது. கல்வியறிவும் பணபலமும் இல்லாத ஒரு குடும்பம், சீருடையணிந்தவர்களுக்கு எதிராகப் பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி ஒரு தண்டனைத் தீர்ப்பைப் பெற்று, அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதை இழந்தது என்னும் செய்தியை இந்த வட்டாரத்தில் சட்டம் பயிலும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இத்தகைய வழக்குகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆராயும்போது, பாதிக்கப்பட்டவர் காவல் துறையிடம் முதலில் சொன்னதாகப் பதிவாகியிருப்பதற்கும், ஆண்டுகள் பல கழித்து நீதிமன்றத்தில் அவர் சொன்னதற்கும் இடையே உள்ள வேறுபாடுகளே பெரிதும் எடைபோடப்படும். காவல் துறையிடம் சொல்லும் வாக்குமூலத்தைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண்ணைக் கொண்டு '161 வாக்குமூலம்' என்றே நீதிமன்ற வட்டாரங்களில் அழைப்பது வழக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 180ஆம் பிரிவாக அமைந்துள்ளது. இந்த வாக்குமூலத்தை விசாரணை அதிகாரி தம் நடையில் எழுதுகிறார். சொன்னவர் அதில் கையெழுத்திடுவதில்லை. அரிசி ஆலையிலோ செங்கற்சூளையிலோ உழைக்கும் ஒரு பெண், 'நெல் அவித்து இறக்கிய பிறகு' என்று நேரத்தைக் குறித்திருப்பார். காகிதத்தில் அது 'சுமார் 21.30 மணியளவில்' என்று ஆகிவிடும். கூண்டில் நிற்கும் அவரிடம், மணி என்னவென்று தெரியுமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், தெரியாது என்று உண்மையைத்தான் சொல்வார். அந்த உண்மையே அவர் சாட்சியத்தைச் சிதைக்கும் கருவியாகிவிடும். முன்பே அவரோடு அமர்ந்து, அவருடைய ஒரு நாள் எந்தெந்த வேலைகளால் ஆனது என்பதைக் கேட்டறிந்த வழக்குரைஞர், ஆலை முதலாளியையோ உடன் உழைத்தவரையோ சாட்சியாக்கி, நெல் இறக்கப்படும் நேரத்தைத் தனியே நிறுவும் வழியைக் கண்டிருப்பார். சட்டக் கல்லூரித் தேர்வு எதிலும் மதிப்பெண் பெற்றுத் தராத இந்தத் திறமை, ஒரு மனிதரின் மானத்தைக் காக்கும் வேளையில் வேறெந்தத் திறமையினும் பெரிதாக நிற்கிறது.

இந்த வகையில் திண்டிவனம் பெற்ற பேறு ஒன்று உண்டு. அங்கே அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் கல்யாணி என்னும் பிரபா கல்விமணி 1990களில் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், அத்தியூர் வழக்கின் பின்னணியிலேயே வளர்ந்தது. சட்டப் பட்டம் பெறாத அவரும் அவருடைய தோழர்களும், பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்பட்ட இருளர்களின் சொற்களைக் கேட்டு எழுதி, மனுக்களாக்கி, வழக்குரைஞர்களிடம் கொண்டு சேர்த்தனர். பழங்குடியினர் என்பதற்கான சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ வழங்கினால்தான், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பை ஐயத்துக்கு இடமின்றிக் கோர முடியும். சான்றிதழ் கையில் இல்லாத குடும்பம் கொடுமைக்கு ஆளான பிறகு, தான் யார் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறது. வழக்கு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, வருவாய்த் துறை அலுவலகத்து வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை இந்த வட்டாரத்து வழக்குரைஞர்களுக்கு உணர்த்தியவர்கள் இத்தகைய களப்பணியாளர்கள்தாம். தம்மினும் குறைவாகச் சட்டம் படித்தவரிடமிருந்து தம் தொழிலைக் கற்றுக்கொள்ளும் பணிவும் வெற்றிக்கு வேண்டிய பண்புகளுள் ஒன்றென்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதே 1993இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மற்றொரு பகுதியான கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு என்னும் தொழிலாளி இறந்த வழக்கு, 2021இல் வெளியான 'ஜெய் பீம்' திரைப்படத்தால் உலகத் தமிழர் அனைவரும் அறிந்ததாயிற்று. காணாமற்போனவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்துமாறு கோரும் ஆட்கொணர்வு மனுவின் வழியாக அவ்வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்ற வழக்குரைஞர் கே. சந்துரு, பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். திரைப்படத்தில் சில நிமிடங்களில் கடந்துவிடும் இடைவெளி உண்மையில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. காவலர்கள் தண்டிக்கப்படுவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யப்பட்ட நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லும் இரண்டு மாதங்களுக்கும் நடைமுறையில் கழியும் ஆண்டுகளுக்கும் இடையே கிடக்கும் தொலைவைக் கடக்க வேண்டியவர், ஊதியமில்லாத வாய்தாக்களிலும் சலிப்பின்றி வந்து நிற்கும் வழக்குரைஞர்தாம். உணர்ச்சி வேகத்தில் வழக்கை ஏற்பவர் பலர். ஏழாம் ஆண்டில், செய்தியாளர்கள் எல்லாரும் மறந்துவிட்ட பிறகும், சாட்சிக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்து அழைத்து வருபவர் சிலரே. அந்தச் சிலரைத்தான் இந்தக் கட்டுரை வெற்றி பெற்றவர் என்று குறிக்கிறது.

உரிமையியல் வழக்குகளிலும் இதே பண்பு வேறு வடிவில் வேண்டப்படுகிறது. திண்டிவனம், மயிலம், வானூர், செஞ்சிப் பகுதிகளில் நெடுஞ்சாலைகளை ஒட்டி மனைப்பிரிவுகள் பெருகியதால், தலைமுறை தலைமுறையாக உழப்பட்ட நிலங்களின் மேல் பாகப் பிரிவினை வழக்குகளும் எல்லைத் தகராறுகளும் பெருகியுள்ளன. கட்சிக்காரர் ஒரு பையில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, கிரயப் பத்திரம் ஆகியவற்றைக் கலந்து கட்டிக்கொண்டு வருகிறார். தாய்ப் பத்திரம் எனப்படும் மூல ஆவணத்தில் கண்ட பரப்பும், புல அளவைப் படத்தில் கண்ட பரப்பும் ஒத்துவராத வழக்குகள் எண்ணற்றவை. பரப்புக்கும் நான்கெல்லைக்கும் முரண் நேரும்போது பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் கைக்கொண்டுவரும் விதி. அந்த நான்கெல்லையில் வடக்கே 'புளியந்தோப்பு' என்று 1950களின் பத்திரம் சொன்னால், இன்று அங்கே தோப்பும் இருக்காது, தோப்புக்கு உரியவரும் இருக்கமாட்டார். வழக்குரைஞர் தாமே வயலுக்குச் சென்று, வரப்பில் நடந்து, ஊர்ப் பெரியவர்களிடம் தோப்பு எங்கே இருந்தது என்று கேட்டறிய வேண்டும். இதைச் செய்யாமல், பையிலிருந்து எடுத்த காகிதங்களை மட்டும் நம்பிப் பிராது எழுதுபவர், குறுக்கு விசாரணையின்போது தம் கட்சிக்காரரின் வாயிலிருந்தே புதிய எல்லை ஒன்றை முதன்முறையாகக் கேட்கும் நிலைக்கு ஆளாவார்.

நாள் தவறாமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். எதிர்வுரையை அழைப்பாணை கிடைத்த முப்பது நாள்களுக்குள், நீட்டித்தால் தொண்ணூறு நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. வராத தரப்புக்கு எதிராகப் பிறப்பிக்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கோருவதற்குக் காலவரம்பு முப்பது நாள். நாள்குறிப்பைக் குமாஸ்தாவிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு, தாம் ஒருமுறைகூடப் பார்க்காத வழக்குரைஞரால் தம் நிலத்தை இழந்த குடும்பங்கள் எல்லா ஊர்களிலும் உண்டு.

கட்சிக்காரரிடம் உண்மையைச் சொல்லும் துணிவு இவற்றினும் கடினமானது, வருமானத்தோடு நேரடியாக மோதுவதும்கூட. வெற்றி வாய்ப்பில்லாத வழக்கு என்று தெரிந்தும், வந்தவரைத் திருப்பியனுப்ப மனமின்றி வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது எளிது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்துள்ளன. கட்டணம் தரவில்லை என்பதற்காகக் கேஸ் கட்டைத் திருப்பித் தராமல் நிறுத்தி வைக்கும் உரிமை வழக்குரைஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. சமரசத்துக்கும் சட்டம் இடமளிக்கிறது. வழக்கைப் பேசித் தீர்த்துக்கொண்டால் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தை முழுமையாகத் திரும்பப் பெறத் தமிழ்நாட்டுச் சட்டம் வழி செய்திருப்பதோடு, நீதிமன்றத்துக்கு வெளியே தரப்பினர் தாமே செய்துகொண்ட சமரசத்துக்கும் அது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உடன்பிறந்தார் இருவரை ஒரே மேசையில் அமர்த்தி, பத்தாண்டு வழக்கைப் பத்து நாளில் முடித்துவைக்கும் வழக்குரைஞர் தம் பத்தாண்டு வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார். ஆயினும் சிறு நகரங்களில் அடுத்த தலைமுறையும் தேடி வருவது அவருடைய அலுவலகத்தைத்தான்.

சிறு நகரம் என்பது வழக்குரைஞரின் நெஞ்சுரத்தைச் சோதிக்கும் இடமாகவும் இருக்கிறது. பெருநகரத்தில் எதிர்த்தரப்பு முகம் தெரியாத ஒன்று. விழுப்புரத்தில் எதிர்த்தரப்பு ஒரே தெருவில் வாழலாம், ஒரே சாதியைச் சேர்ந்தவராக இருக்கலாம், வழக்குரைஞரின் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் ஆசிரியராகவும் இருக்கலாம். இன்னாருக்காக எந்த வழக்குரைஞரும் வாதாடக் கூடாது என்று சங்கங்கள் தீர்மானம் போடுவது சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் முரணானது என்று 2010 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது. அதிகாரத்தின் முன் தளராமல் நிற்பதற்கு மாவட்ட நீதிமன்றங்கள் தகுதியற்றவை என்று எண்ணுவோர், மாநிலத்தின் சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பாக இருந்த சிறப்பு டிஜிபி ஒருவர்மீது பெண் ஐபிஎஸ் அதிகாரி அளித்த பாலியல் தொல்லைப் புகாரில், விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் 2023 ஜூன் 16 அன்று மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்ததையும், 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் நினைவுகூர வேண்டும். வழக்கு அதன்பிறகும் மேல் நீதிமன்றங்களுக்குச் சென்றது. எனினும், காவல் துறையின் உச்சியில் இருந்தவரின் வழக்கை ஒரு மாவட்டத் தலைநகரின் நடுவர் நீதிமன்றம் சாட்சி சாட்சியாக நடத்தி முடித்ததில், அங்கே பணியாற்றிய ஒவ்வொருவரின் உறுதியும் அடங்கியிருந்தது.

இந்தப் பண்புகள் பிறவியிலேயே வாய்ப்பவை என்று சொல்லப்படுவதுண்டு. அவ்வாறு நம்புவது, வழக்குரைஞர் குடும்பத்தில் பிறந்தவருக்கே தொழிலை விட்டுவைப்பதற்கு ஒப்பானது. விழுப்புரத்தில் 2017ஆம் ஆண்டு அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டதன் பயனாக, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்ற மாணவர்கள் பலர் இன்று சட்டப் பட்டத்தோடு வெளிவருகின்றனர். இவர்களுள் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் உண்டு. சாட்சி பேசும் மொழியை இயல்பாகவே அறிந்தவர்கள் இவர்கள். அதிகாரி எழுதிய நடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனிதரின் சொல்லை இவர்கள் பிறரைவிட விரைவில் கண்டுகொள்வார்கள் என்று உறுதியாக எதிர்பார்க்கலாம்.

ஆனால் அந்தக் காதை வளர்த்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் தொழிலில் நீடிக்க வேண்டும். வழக்குரைஞராகப் பதிவு செய்வதற்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியலினத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் வாசற்படியின் உயரம் குறைந்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்குரைஞர்களுக்கு மூத்த வழக்குரைஞர்கள் வழங்க வேண்டிய குறைந்தபட்ச மாத உதவித்தொகையைச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயாகவும் ஏனைய இடங்களில் 15,000 ரூபாயாகவும் நிர்ணயித்துச் சுற்றறிக்கை அனுப்புமாறு வழக்குரைஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. அந்தக் கணக்கில் விழுப்புரத்தின், திண்டிவனத்தின் ஜூனியர் ஒவ்வொருவருக்கும் உரியது 15,000 ரூபாய். தேநீருக்கும் பேருந்துக்கும் வீட்டில் கையேந்த வேண்டிய நிலையில் உள்ள ஓர் இளைஞரிடம், சாட்சியோடு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து கேள் என்று அறிவுரை சொல்வது பொருளற்றது. அவர் அந்தப் பிற்பகலில் கையெழுத்துக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாயைத் தேடி அலைவார், அலைந்தே தொழிலை விட்டும் போய்விடுவார்.

கீழமை நீதிபதிப் பணியில் சேர மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் கட்டாயம் என்னும் விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீட்டெடுத்துவிட்டதால், இந்த முதல் மூன்றாண்டுகளின் தரமே நாளைய நடுவர்களின் தரமாகவும் அமையப்போகிறது. அந்த ஆண்டுகளை வெறும் வாய்தா கேட்பதில் கழிக்காமல், மூத்தவர் சாட்சியைத் தயார் செய்யும்போது உடனிருந்து குறிப்பெடுப்பதிலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் முகாம்களில் மனு எழுதுவதிலும், கோட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தோடு நிற்பதிலும் கழிக்க, வழக்குரைஞர் சங்கங்களும் சட்டக் கல்லூரியும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்ய முடியும். வன்கொடுமை வழக்குகளில், பாதிக்கப்பட்டவர் கோரினால் சிறப்பு அரசு வழக்குரைஞராக அனுபவமிக்க ஒருவரை அமர்த்த 1995ஆம் ஆண்டு விதிகள் மாவட்ட நிர்வாகத்துக்கு ஏற்கெனவே அதிகாரம் அளித்துள்ளன. அவ்வாறு அமர்த்தப்படும் ஒவ்வொருவரோடும் இந்த மண்ணின் இளம் வழக்குரைஞர் ஒருவரை உதவித்தொகையோடு இணைத்துவிட்டால், அத்தியூருக்கோ அதன் அண்டைக் குடியிருப்புகளுக்கோ அடுத்த முறை ஒரு வழக்கு நேரும்போது, முதல் வாக்குமூலம் எழுதப்படும் நாளிலேயே சொல்பவரின் மொழி அறிந்த ஒருவர் அங்கே இருப்பார்.